வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உணர்வு, நடத்தைக் கோளாறு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். அவர் எழுதியதன் சுருக்கம் இது. வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன் நோட்டைத் தூக்கி எறிகிறான், பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான், எது சொன்னாலும் எதிர்ப்பேச்சு பேசுகிறான். தலைமையாசிரியர் "இது பிஹேவியர் டிஸ்ஆர்டர், எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். பெற்றோரோ "வீட்டில் அவன் நன்றாகத்தான் இருக்கிறான், நீங்கள்தான் அவனையே குறிவைக்கிறீர்கள்" என்கிறார்கள். என்னென்ன அறிகுறி இருந்தால் கோளாறு என்று சொல்லலாம், பட்டியல் கிடைக்குமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "மற்ற பிள்ளைகளிடம் பிரச்சினை எதுவும் இல்லை."

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பார்ப்பது சேட்டையா, கோளாறா? அதை முடிவு செய்ய வேண்டியது நானா? முடிவாகும் வரை நான் என்ன செய்வது? குழந்தைகள் மனநலத்தில் படித்து, பல வருடங்களாகப் பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்பவன் என்ற முறையில் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். உங்கள் பையனுக்குக் கோளாறு உண்டு, இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நாலு வரியைப் படித்துவிட்டு யாராவது அப்படிச் சொன்னால் அவர் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள்.

முதலில், சந்தேகமே இல்லாமல் தெரிந்த விஷயம். இந்தக் கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்கள் எல்லாமே நடத்தையையும், பிள்ளையும் மற்றவர்களும் சொல்வதையும் வைத்துத்தான். அந்த நடத்தைகளோ எல்லாப் பிள்ளைகளிடமும் என்றைக்காவது தென்படுகிறவை. கோபப்படாத பிள்ளை உண்டா, பொய் சொல்லாத பிள்ளை உண்டா, பள்ளிக்குப் போக மாட்டேன் என்று ஒரு நாளாவது அழாத பிள்ளை உண்டா? அதனால் 'இந்த அறிகுறி இருக்கிறதா' என்ற கேள்வியால் எதுவும் தெரியவராது. எவ்வளவு கடுமையாக, எவ்வளவு காலமாக, எத்தனை இடங்களில், அதனால் பிள்ளையின் படிப்பும் நட்பும் எவ்வளவு கெடுகிறது என்ற நான்கையும் கேட்டால்தான் ஏதாவது தெரியும். அதோடு வயதையும் பார்க்க வேண்டும். மூன்று வயதில் தரையில் புரண்டு அழுவது வயதுக்குரியது. பத்து வயதில் வாரத்தில் பல முறை அது நடந்தால் கதை வேறு.

வரையறை என்று வரும்போது இரண்டு தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. பள்ளிகளில் நடக்கும் குழப்பத்தில் பாதி இவை இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது. மருத்துவமனையில் கேட்கப்படும் கேள்வி 'இது என்ன கோளாறு' என்பது. பள்ளியில் கேட்க வேண்டியது 'இந்தப் பிள்ளை படிக்க, பழக, தனியாக ஏற்பாடு தேவையா' என்பது. பதற்றக் கோளாறு என்று மருத்துவர் உறுதி செய்த பெண் வகுப்பில் எந்தத் தனி ஏற்பாடும் இல்லாமல் சமாளித்துவிடலாம். எந்தக் கோளாறின் பெயருக்கும் பொருந்தாத பையனுக்கு நாளைக்கே உதவி தேவைப்படலாம்.

பள்ளி உலகத்தின் வரையறைகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் இருப்பது. அதன் கதை சுவாரஸ்யமானது, உங்கள் கேள்விக்கும் நேராகத் தொடர்புள்ளது. எலி பவர் என்ற ஆய்வாளர் 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாப் பள்ளிகளில் செய்த ஆய்விலிருந்து ஐந்து அடையாளங்களைத் தொகுத்தார். அறிவுத்திறன், கண், காது, உடல்நலம் எதனாலும் விளக்க முடியாத கற்றல் இயலாமை. சக மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் உறவை ஏற்படுத்திக்கொள்ளவோ தக்கவைக்கவோ முடியாமை. சாதாரணச் சூழ்நிலையில் பொருந்தாத நடத்தை அல்லது உணர்வு. எப்போதும் படர்ந்திருக்கும் வருத்தம். சொந்தப் பிரச்சினையோ பள்ளிப் பிரச்சினையோ உடல் வலியாகவும் பயமாகவும் வெளிப்படுவது. இவற்றில் ஒன்றோ பலவோ நீண்ட காலமாக, குறிப்பிடத்தக்க அளவில் இருந்து, படிப்பைப் பாதித்தால் அந்தப் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி உரிமை உண்டு என்று 1975 சட்டத்தை ஒட்டி வந்த விதிகள் இதை ஏற்றுக்கொண்டன. 'நீண்ட காலம்' என்றால் எத்தனை மாதம்? 'குறிப்பிடத்தக்க அளவு' என்றால் எவ்வளவு? விதியில் பதில் இல்லை. அதைவிட வம்பு, 'சமூகத்தோடு பொருந்தாமல் நடப்பவர்கள்', உணர்வுக் கோளாறும் இருந்தாலொழிய, இதில் சேர மாட்டார்கள் என்று சட்டக்காரர்கள் ஒரு வரியைச் செருகியது. அதாவது உள்ளே புழுங்குகிற பிள்ளைக்கு உதவி உண்டு, வேண்டுமென்றே வம்பு செய்கிற பிள்ளைக்குக் கிடையாது. இந்த இரண்டையும் நம்பகமாகப் பிரிக்கும் கருவி இன்றுவரை இல்லை. மற்றவர்களோடு பழக முடியாமை என்பது பவரின் ஐந்தில் ஒன்றாகவே இருக்கும்போது, அதே காரணத்துக்காக ஒரு பிள்ளையை விலக்குவது எப்படி என்று அவரே பின்னாளில் எதிர்த்து எழுதினார்.

இந்தக் குறைகளைப் பார்த்து, அமெரிக்காவின் மனநல, சிறப்புக் கல்வி அமைப்புகள் பல கூட்டாக ஒரு மாற்று வரையறையைத் தயாரித்தன. 1992-ல் அது வெளியானது. வயதுக்கும் பண்பாட்டுக்கும் உரிய நடத்தையிலிருந்து வெகுவாக விலகியிருக்க வேண்டும். தற்காலிக நெருக்கடிக்கு எல்லாரும் காட்டும் எதிர்வினையாக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், அதில் ஒன்று பள்ளி. சாதாரணமாகச் செய்யும் உதவிகளுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்றது அது. சட்டம் அதை ஏற்கவில்லை. 1997-ல் 'தீவிர உணர்வுக் கோளாறு' என்ற அந்தப் பிரிவின் பெயரிலிருந்து 'தீவிர' என்ற அடைமொழியை நீக்கியதோடு சரி. இருந்தாலும் எந்த ஊர்ப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் மனதில் வைத்துக்கொள்ளத் தக்கது இந்த மாற்று வரையறைதான் என்பது என் கருத்து. குறிப்பாக 'உதவி செய்து பார்த்த பிறகும் தொடர வேண்டும்' என்ற நிபந்தனை. எதையுமே செய்து பார்க்காமல் பெயர் ஒட்டுவதை அது தடுக்கிறது.

மருத்துவ உலகத்தில் கணக்கு இன்னும் கறாராக இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, ஏ.டி.ஹெச்.டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்றால் கவனமின்மைக்கான 9 அறிகுறிகளில் 6 அல்லது துறுதுறுப்புக்கும் அவசரத்துக்குமான 9-ல் 6, குறைந்தது ஆறு மாதமாக, இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பும் முரண்டும் மையமாக இருக்கும் ஓ.டி.டி-க்கு 8-ல் 4, அதுவும் ஆறு மாதம். அடிதடி, திருட்டு, பொருட்சேதம், துன்புறுத்தல் வரை போகும் கான்டக்ட் டிஸ்ஆர்டருக்கு 15-ல் 3, கடந்த ஒரு வருடத்துக்குள். மனச்சோர்வுக்கு இரண்டு வாரமே போதும். பிள்ளைகளிடம் அது சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் தெரியலாம் என்று கையேடே சொல்கிறது. இந்தக் கடைசி விஷயம் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாது. தொட்டதற்கெல்லாம் சீறுகிற பிள்ளைகளில் சிலர் மனச்சோர்வில் இருப்பவர்கள்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்து டிக் அடிக்க ஆரம்பிக்க வேண்டாம். ஆறு அறிகுறி இருந்தால் கோளாறு, ஐந்து இருந்தால் இல்லை என்பது இயற்கை போட்ட கோடு இல்லை. நிபுணர்கள் கூடி, ஆய்வுகளைப் பார்த்து, ஓர் இடத்தில் வைத்த கோடு. சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் ஏதோ ஓர் எல்லை தேவை என்பதால் அது இருக்கிறது.

சரி, பெற்றோர் சொல்வதற்கு வருவோம். வீட்டில் நன்றாக இருக்கிறான் என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம், தலைமையாசிரியர் நிச்சயம் எண்ணியிருப்பார். 1987-ல் தாமஸ் ஆக்கென்பாக்கும் சக ஆய்வாளர்களும் 119 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஒரே பிள்ளையைப் பற்றி அம்மா, அப்பா போல ஒரே இடத்தில் பார்ப்பவர்கள் சொல்வது சராசரியாக 0.6 அளவுக்கு ஒத்துப்போனது. பெற்றோர், ஆசிரியர் என்று வெவ்வேறு இடத்தில் பார்ப்பவர்கள் சொன்னது 0.28 மட்டுமே. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும் 0.22. முழு ஒற்றுமை என்றால் 1. அதற்குப் பின் வந்த ஆய்வுகளிலும் படம் பெரிதாக மாறவில்லை. ஆக, உங்களுக்கும் பெற்றோருக்கும் கருத்து வேறுபடுவதுதான் வழக்கம். ஒருவர் பொய் சொல்வதால் மட்டும் அது வருவதில்லை. பிள்ளைகள் இடத்துக்கு இடம் உண்மையிலேயே வேறு மாதிரி இருக்கிறார்கள். வீட்டில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து எழுதச் சொல்வதில்லை, முப்பது பேருக்கு நடுவில் தப்பாகப் படித்து மானம் போவதில்லை.

வீட்டில் சரியாக இருப்பவன் பள்ளியில் மட்டும் வெடித்தால் ஏ.டி.ஹெச்.டி-க்கான 'இரண்டு இடங்கள்' என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. ஓ.டி.டி ஓர் இடத்தில் மட்டுமே இருக்கலாம், அதை லேசானது என்று வகைப்படுத்துவார்கள். ஆனால் என் அனுபவத்தில், பள்ளியில் மட்டும் வெடிக்கும் பிள்ளைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பள்ளியில் நடக்கும் ஏதோ ஒன்றை. படிக்க முடியாமை, கேலி, ஒரு குறிப்பிட்ட பாடவேளை, ஒரு குறிப்பிட்ட ஆள். இதே போலத் தலைகீழாகவும் நடக்கும். பள்ளியில் பூனைக்குட்டியாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு மணி நேரம் கத்தித் தீர்க்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களின் பெற்றோர் சொல்வதை ஆசிரியர்கள் நம்புவதில்லை.

இப்போது அந்தக் கடைசி வரி. "மற்ற பிள்ளைகளிடம் பிரச்சினை எதுவும் இல்லை." எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. 1960-களிலிருந்தே ஆய்வாளர்கள் பிள்ளைகளின் சிக்கல்களை இரண்டு பெரிய கூட்டமாகப் பார்க்கிறார்கள். ஒன்று வெளியே பாய்வது: அடி, எதிர்ப்பு, ஓட்டம், உடைப்பு. இன்னொன்று உள்ளே பாய்வது: பயம், பதற்றம், சோர்வு, ஒதுங்கல். முதல் வகை பாடத்தைக் கெடுப்பதால் எந்த ஆசிரியர் கண்ணிலும் படும். இரண்டாவது வகைப் பிள்ளை 'நல்ல பிள்ளை, சத்தமே இல்லை' என்று பெயர் வாங்கிக்கொண்டு வருடக் கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். ஆய்வாளர்கள் ஹில் வாக்கரும் ஹெர்பர்ட் செவர்சனும் 1990-ல் வெளியிட்ட, யாரை மேலும் கவனிக்க வேண்டும் என்று பிரித்தெடுக்கும் வடிகட்டல் முறை இதற்காகவே ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. ஆசிரியர் தன் வகுப்பில் வெளியே பாயும் பிள்ளைகளை ஒரு பட்டியலாகவும், உள்ளே ஒடுங்கும் பிள்ளைகளை இன்னொரு பட்டியலாகவும் வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். இரண்டாவது பட்டியலை நிரப்ப முடியாது என்று தப்பிக்க வழியில்லை. வரிசையில் மேலே இருப்பவர்களை மட்டும் கேள்வித்தாள் வைத்தும், பிறகு வகுப்பிலும் விளையாட்டு நேரத்திலும் நேரில் கவனித்தும் பார்ப்பார்கள்.

அந்த முறையை முழுதாகச் செய்ய உங்களுக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். வருகைப் பதிவேட்டை எடுத்து, இரண்டாவது பட்டியலை மட்டும் எழுதிப் பாருங்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளை யார்? தேர்வு நாளில் வயிற்றுவலி, தலைவலி யாருக்கு வருகிறது? எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழியும் வரை திருத்துவது யார்? இடைவேளையில் நூலக வாசலிலோ உங்கள் மேஜைப் பக்கத்திலோ தனியாக நிற்பது யார்? போன பருவத்தில் நன்றாகப் படித்துவிட்டு இந்தப் பருவத்தில் காரணமில்லாமல் சரிந்தது யார்? வீட்டில் சரளமாகப் பேசிவிட்டு வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை இருந்தால், பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால், வெட்கம் என்று விட்டுவிடாமல் நிபுணரிடம் காட்டுங்கள். இவற்றில் எதுவும் தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் எழுதி முடித்தபின் இரண்டு மூன்று பெயர்கள் உங்களை உறுத்தும் என்று நினைக்கிறேன்.

கேள்வித்தாள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் எடுத்து ஆளாளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட எஸ்.டி.கியூ நல்ல கருவி. 25 கேள்விகள், ஐந்து பிரிவுகள். அதில் ஒரு பிரிவு பிள்ளையின் நல்ல குணங்களைக் கேட்கிறது, அதுவே அதன் அழகு. பெற்றோர், ஆசிரியர், நிரப்பத் தெரியும் வயதானால் பிள்ளை என்று மூவரும் தனித்தனியாக நிரப்பலாம். ஆனால் இது வடிகட்டத்தான் உதவும், கோளாறை உறுதி செய்யாது. காரணத்தை ஒரு கணக்காகச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 1000 பிள்ளைகளில் 100 பேருக்கு உண்மையில் கோளாறு இருக்கிறது. கருவி அவர்களில் 80 பேரைப் பிடிக்கிறது, கோளாறு இல்லாத 900 பேரில் 85 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மீதி 15 சதவீதம் என்பது 135 பேர். ஆக, மதிப்பெண் தாண்டிய 215 பேரில் 80 பேருக்குத்தான் கோளாறு. 135 பேர் வீணாக மாட்டிக்கொண்டவர்கள், 20 பேர் நழுவிப் போனவர்கள். மதிப்பெண் தாண்டியது என்றால் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். தாண்டவில்லை என்றாலும் உங்கள் மனதில் உறுத்தல் இருந்தால் பார்க்கத்தான் வேண்டும்.

நடத்தையைக் கோளாறு என்று சொல்லும் முன் வேறு காரணங்களை நீக்க வேண்டும். இதில்தான் பள்ளிகள் அவசரப்படுகின்றன. நடுக்காதில் நீர் தேங்கினால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. 'கூப்பிட்டால் வேண்டுமென்றே திரும்புவதில்லை' என்று எழுதிவிடுவோம். சில நொடிகள் பார்வை நிலைகுத்தி, கூப்பிட்டாலும் தெரியாமல், பிறகு எதுவும் நடக்காத மாதிரி தொடர்ந்தால் அது பகற்கனவாக இல்லாமல் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையுமாகத் தூங்கும் பிள்ளை பகலில் சோர்ந்து கிடக்கும் என்று எதிர்பார்ப்போம். பல பிள்ளைகள் அதற்கு மாறாகத் துறுதுறுப்பும் எரிச்சலுமாக இருப்பார்கள். ஃபீனோபார்பிட்டல் போன்ற சில வலிப்பு மருந்துகள் நடத்தையையே மாற்றும். வாசிப்பதில் குறைபாடு, மொழி புரிவதில் குறைபாடு, வீட்டில் பேசாத மொழியில் பாடம் நடப்பது, வீட்டில் சாவு, பிரிவு, அடி, பாலியல் அத்துமீறல், பள்ளியில் கேலி, பசி. எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் 'அடங்காதவன்' அல்லது 'கவனமில்லாதவள்'.

யாரும் யோசிக்காத இன்னொன்று, பிறந்த மாதம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 எல்லை. 2012-ல் வெளியான ஆய்வின்படி, ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏ.டி.ஹெச்.டி என்று பெயர் வைக்கப்படுவது 30 சதவீதம் அதிகம், பெண்களுக்கு 70 சதவீதம் அதிகம். கிட்டத்தட்ட ஒரு வருடம் சிறிய பிள்ளையின் வயதுக்குரிய குழந்தைத்தனத்தைக் கோளாறாக எண்ணிவிட்டோம் என்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பையனின் பிறந்த தேதியைப் பதிவேட்டில் ஒரு தடவை பாருங்கள்.

இனி நீங்கள் என்ன செய்வது என்பது. கோளாறின் பெயரைச் சொல்வது உங்கள் வேலை இல்லை, அதற்கு உங்களுக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் எந்த நிபுணருக்கும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவனை நீங்கள் தினமும் மணிக்கணக்கில், அதே வயதுப் பிள்ளைகள் நடுவில் பார்க்கிறீர்கள். என் அறையில் அவனைத் தனியாக ஒரு மணி நேரம் பார்த்தால் பெரும்பாலும் சமர்த்தாகத்தான் இருப்பான். அதனால் உங்கள் குறிப்பு எவ்வளவு தரமாக இருக்கிறதோ அவ்வளவுதான் என் முடிவின் தரமும். "ஆக்ரோஷமானவன், மரியாதை தெரியாதவன், வகுப்புக்கே தொல்லை" என்று எழுதி அனுப்பினால் எனக்கு ஆசிரியரின் மனநிலை தெரிகிறது, பையனைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. "10.20-க்குக் கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னேன். நாலு நிமிடம் கழித்து நோட்டைத் தரையில் எறிந்தான். வெளியே நிற்கச் சொன்னேன். மணி அடிக்கும் வரை வராந்தாவில் அமைதியாக நின்றான்" என்று எழுதினால் நிறையத் தெரிகிறது. முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

இப்படி இரண்டு மூன்று வாரம் எழுதினால் ஒரு கோலம் தெரிய ஆரம்பிக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் வெளியே அனுப்பியது தண்டனை என்று ஆசிரியர் நினைக்கிறார். பையனுக்கோ எழுதும் வேலையிலிருந்து விடுதலை. ஒவ்வொரு முறையும் எறிந்தால் விடுதலை கிடைக்கிறது என்றால் நாளைக்கும் எறிவான். அப்போது கேள்வியே மாறிவிடுகிறது: எழுதுவது அவனுக்கு ஏன் அவ்வளவு கஷ்டம்? கை எழுத்துக்கு ஒத்துழைக்கவில்லையா, கரும்பலகை தெரியவில்லையா, படிக்கவே வரவில்லையா? எழுதும் அளவைப் பாதியாக்கி, முதல் வரியை நீங்களே எழுதிக் கொடுத்து, உதவி கேட்க ஒரு சைகையைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். சில வாரத்தில் எறிவது குறைந்தால் உங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. குறையவே இல்லை என்றால் அதுவும் நிபுணருக்கு மிகவும் பயன்படும் தகவல். இன்னொரு யோசனை: அவனைக் கவனிக்கும் அதே பத்து நிமிடத்தில், சாதாரணமாக நடந்துகொள்ளும் இன்னொரு பையனையும் கவனித்து எழுதுங்கள். சில நேரம் இருவரும் ஒரே அளவு இடத்தைவிட்டு எழுந்திருப்பார்கள், ஒருவன் மட்டும்தான் திட்டு வாங்கியிருப்பான்.

சந்தேகத்துக்குரிய இடங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். ஓ.டி.டி என்பது பிள்ளைக்குள் இருக்கும் ஒன்றா, பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் இடையில் உருவாகும் ஒன்றா என்று துறைக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. நான் இரண்டாவது பக்கம் சாய்பவன். வன்முறையையோ இழப்பையோ அனுபவித்த பிள்ளையின் எச்சரிக்கை உணர்வையும் ஏ.டி.ஹெச்.டி-யின் கவனச் சிதறலையும் வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிப்பது கடினம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். யார் மேல் பெயர் ஒட்டப்படுகிறது என்பதிலும் நியாயம் இல்லை. அமெரிக்காவில் உணர்வுக் கோளாறு என்ற சிறப்புக் கல்விப் பிரிவில் பையன்களும் கறுப்பினப் பிள்ளைகளும் தங்கள் விகிதத்தைவிட அதிகமாக இருக்கிறார்கள். மறுபக்கம், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான மதிப்பீடு, பிள்ளைகளிலும் இளம்பருவத்தினரிலும் 13.4 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்கிறது. அந்த அமெரிக்கப் பிரிவில் சேர்க்கப்படுவதோ மாணவர்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள்தான். இருந்தாலும் தவறான பிள்ளைகள் மாட்டிக்கொள்வதும் உதவி தேவைப்படும் பிள்ளைகள் விடுபடுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்பதை மறுக்க முடியாது.

பெயர் ஒட்டுவது நல்லதா கெட்டதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெயர் வந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சிறப்பு ஆசிரியர், சிகிச்சை என்று ஏதாவது ஒன்று திறக்கிறது என்றால் வரட்டும். மற்ற பெற்றோரைச் சமாதானப்படுத்தவும், அவனை வேறு பள்ளிக்கு அனுப்பவும்தான் அந்தப் பெயர் பயன்படப் போகிறது என்றால் எழுதிக் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியர் 'எழுதிக் கொடுங்கள்' என்கிறாரே, எழுதிக் கொடுத்த பிறகு பள்ளி அவனுக்கு என்ன செய்யும் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

இவ்வளவு நிதானம் சொன்னாலும், சில விஷயங்களுக்கு மூன்று வாரக் குறிப்பெல்லாம் கூடாது, அன்றைக்கே நடவடிக்கை வேண்டும். சாகப் போகிறேன் என்று பேசுவது, எழுதுவது, வரைவது, உடம்பில் வெட்டுக் காயங்கள், இல்லாத குரல் கேட்கிறது என்பது, சாப்பிடுவதையே நிறுத்துவது, சில நாட்களுக்குள் ஆளே மாறிப்போவது, கற்றுக்கொண்ட பேச்சையோ திறமையையோ இழப்பது, வீட்டிலோ வெளியிலோ யாரோ தொடுகிறார்கள், அடிக்கிறார்கள் என்று சொல்வது. சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நிதானமாக, நேராகக் கேட்கலாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பாதுகாப்புக்காக யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டிவரும்.

பெற்றோரை மறுபடி கூப்பிடும்போது கோளாறு என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். "வீட்டில் நன்றாக இருக்கிறான் என்று சொன்னீர்கள், எந்த மாதிரி நேரங்களில் நன்றாக இருக்கிறான் என்று சொல்லுங்கள், எனக்கு அது உதவும்" என்று தொடங்குங்கள். வீட்டுப்பாடம் எழுதும் நேரம் எப்படிப் போகிறது, தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, எப்போதிலிருந்து மாற்றம், பேச ஆரம்பித்தது எந்த வயதில், குடும்பத்தில் யாருக்காவது படிப்பில் இதே மாதிரி சிரமம் இருந்ததா என்று கேளுங்கள். காது, கண் பரிசோதனை இரண்டையும் முதலில் முடிக்கச் சொல்லுங்கள். அதில் யாருக்கும் மனவருத்தம் வராது. அதற்குப் பிறகும் குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டியிருந்தால், உங்கள் குறிப்புகளோடு அவன் எழுதிய நோட்டுப் பக்கங்கள் சிலவற்றையும், முந்தைய வருடங்களின் மதிப்பெண், வருகை விவரத்தையும் கொடுத்தனுப்புங்கள். அவன் நன்றாகச் செய்யும் இரண்டு மூன்று விஷயங்களையும் மறக்காமல் அதே தாளில் எழுதுங்கள், பெற்றோரும் அதைப் படிப்பார்கள்.

மூன்று வாரக் குறிப்பு கைவசம் வந்ததும், பெயர், பள்ளி எதுவும் குறிப்பிடாமல், அவன் வெடித்த நேரங்களில் கையில் என்ன வேலை இருந்தது என்பதைச் சேர்த்து இதே கேள்வியை மறுபடி கேளுங்கள். அப்போது இதைவிட உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.